கோழிக்கும் வேண்டும் மருந்துச் சீட்டு

அச்சரப்பாக்கத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து, அறுபது வயதைக் கடந்த ஒருவர் கடும் காய்ச்சலோடும் குளிர்நடுக்கத்தோடும் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். சிறுநீர்ப்பாதையில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் பரவியிருந்தது. சேர்ந்த அன்றே தொடங்கிய மருந்துக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள், 'கல்ச்சர்' என்று எல்லோரும் அறிந்த நுண்ணுயிர் வளர்ப்புப் பரிசோதனையின் அறிக்கை வந்தது. அவர் இரத்தத்தில் வளர்ந்த பாக்டீரியா, நாங்கள் வழக்கமாகக் கையாளும் மருந்துகளில் ஏறக்குறைய எதற்கும் கட்டுப்படாது என்று அது கூறிற்று. எஞ்சியிருந்தவை ஓரிரு மருந்துகளே. அவற்றுள் ஒன்று கொலிஸ்டின்.

அந்த மருந்தின் தேவையையும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதையும் அவருடைய மகனிடம் விளக்கி ஒப்புதல் கேட்டோம். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "டாக்டர், இந்தப் பேரு எனக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன்னாடி எங்க கோழிக்குத் தண்ணியில கலக்கக் கொடுத்த பாக்கெட்டுல இதே பேருதான் இருந்தது" என்றார். அவர்கள் குடும்பத்தார் கறிக்கோழிப் பண்ணை நடத்தியவர்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பெரியவர் பிழைத்தார். ஆனால் ஐந்து நாளில் வீடு திரும்ப வேண்டியவர் மூன்று வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். அக்குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு அந்த மூன்று வாரத்தில் கரைந்தது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

அவருக்கு வந்த தொற்று அவர் வளர்த்த கோழிகளிடமிருந்துதான் வந்ததா? அதை எங்களால் நிறுவ முடியாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா ஒருவர் குடலுக்குள் நுழையப் பல வழிகள் உள்ளன. முன்பு தேவையின்றி உட்கொண்ட மாத்திரைகள், மருத்துவமனைச் சூழல், குடிநீர், உணவு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வழி. மகன் கேட்ட கேள்வி மட்டும் எங்களை விட்டு அகலவில்லை: "மனுஷனுக்குக் கடைசியா வச்சிருக்கிற மருந்த, நோயே இல்லாத கோழிக்கு எதுக்குக் கொடுத்தாங்க?" நோயாளரும் அவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரும் இக்கேள்விக்கான விடையை அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

இரு பெயர், ஒரே மருந்து

ஆன்டிபயாட்டிக் என்று நாம் வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில், மனிதருக்கென்று ஒரு குலமும் கோழிக்கென்று வேறொரு குலமும் இல்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் இரு இடங்களிலும் பயன்படுகின்றன. கோழிகளுக்குத் தரப்படும் என்ரோஃப்ளாக்சசின், கோழியின் உடலுக்குள் சென்றதும் அதன் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுத் தொற்றுக்கும் நாம் பல்லாண்டுகளாக உட்கொண்டுவரும் அதே சிப்ரோஃப்ளாக்சசின்தான் அது.

ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகளுக்குச் சிறிய அளவில் நாள்தோறும் மருந்து தரப்படும்போது, கோழியின் குடலில் உள்ள பாக்டீரியாக்களுள் வலுவற்றவை மடிகின்றன; மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றவை பிழைத்துப் பெருகுகின்றன. அவை அந்த ஆற்றலைத் தம் வழித்தோன்றல்களுக்குத் தருவதோடு நிற்பதில்லை. மருந்தை எதிர்க்கும் மரபணுவை, பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுக்கின்றன. கோழிக்குத் தீங்கு செய்யாத ஒரு பாக்டீரியாவிடம் தோன்றிய எதிர்ப்பு, மனிதருக்கு நோய் தரும் மற்றொரு பாக்டீரியாவைச் சென்றடைவது இவ்வாறுதான்.

கொலிஸ்டினின் கதை இதற்குத் தெளிவான சான்று. அது 1950களிலேயே மருத்துவத்துக்கு வந்த பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970களில் மருத்துவர்கள் அதை ஒதுக்கிவைத்தனர். புதிய மருந்துகள் ஒவ்வொன்றாகப் பயனிழந்தபோது, வேறு வழியின்றி அதனிடமே திரும்பி வந்தோம். இடைப்பட்ட காலத்தில் பல நாடுகளின் பண்ணைகளில் அது டன் கணக்கில் பயன்பட்டுக்கொண்டிருந்தது. 2015ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டினை எதிர்க்கும் ஒரு மரபணு பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவக்கூடியதாக இருப்பதைக் கண்டறிந்தனர். பன்றிகளிடமும், கோழி இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளரிடமும் அது இருந்தது. அதன்பின் உலகின் பல பகுதிகளிலும் அது காணப்பட்டது.

பழக்கம் தொடங்கிய கதை

நோயில்லாத கோழிக்கு மருந்து தரும் வழக்கம் 1940களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றியது. ஆன்டிபயாட்டிக் தயாரிப்பில் எஞ்சிய கழிவைத் தீவனத்தில் கலந்தபோது குஞ்சுகள் விரைவாக எடை கூடுவதை ஆய்வாளர்கள் கண்டனர். குறைந்த செலவில் கூடுதல் இறைச்சி என்பதால் வழக்கம் உலகெங்கும் பரவியது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், போதாத அளவில் மருந்து கொடுத்தால் பாக்டீரியா அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று 1945ஆம் ஆண்டின் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை பண்ணை வாயிலைத் தாண்டவில்லை.

அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி 1976இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிப்பினை தருவது. பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு பண்ணையில் கோழிகளின் ஒரு பகுதிக்கு மட்டும் டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தரப்பட்டது. ஒரே வாரத்தில் அக்கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ முழுவதும் அம்மருந்தை எதிர்க்கத் தொடங்கின. ஐந்தாறு மாதங்களுக்குள் அந்தப் பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அத்தகைய பாக்டீரியாக்கள் பெருகின. அவர்கள் அம்மருந்தை உட்கொள்ளவில்லை. அண்டை வீட்டாரிடம் இத்தகைய மாற்றம் தென்படவில்லை. முதலில் சுமை ஏறுவது பண்ணையில் உழைப்பவர் உடலில்தான் என்பதை இது காட்டிற்று.

நம் சந்தையில் கண்டவை

இந்தியாவில் 2014ஆம் ஆண்டு, தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர்ப் பகுதியில் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் 40 விழுக்காட்டில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. பஞ்சாபில் 18 பண்ணைகளில் 530 கோழிகளைச் சோதித்து 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, முட்டைக்கோழிகளைவிடக் கறிக்கோழிகளிடம் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் மிகுதியாக இருப்பதைக் கண்டது.

நமக்கு அருகிலுள்ள சான்று சென்னையிலிருந்து வந்தது. நகரச் சந்தைகளில் வாங்கிய 110 உணவு மாதிரிகளைச் சென்னை மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்தபோது, பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் கொலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியா இருந்தது. கோழி, ஆட்டிறைச்சி, மீன் ஆகியவற்றோடு காய்களும் பழங்களும் அம்மாதிரிகளில் அடங்கும். இச்செய்தியைச் சைவ உணவு உண்ணும் அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கோழி எரு வயலுக்குச் செல்கிறது. வயலின் நீர் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் செல்கிறது. கீரையும் கத்தரியும் அந்த மண்ணிலேயே விளைகின்றன. கோழியை உண்ணாதவரும் இதற்கு விலக்கானவர் அல்லர்.

இத்தகைய சான்றுகள் வீண்போகவில்லை. 2019ஆம் ஆண்டு சூலை மாதத்தில், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகள், கோழிகள், மீன் மற்றும் இறால் வளர்ப்பு, தீவனச் சேர்க்கைகள் ஆகியவற்றில் கொலிஸ்டினைப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடைசெய்தது. அது நல்ல முடிவு. ஆயினும் ஒரு மருந்தைத் தடைசெய்வதால் பழக்கம் நின்றுவிடாது. அந்த இடத்துக்கு வேறொரு மருந்து வந்து சேரும்.

எச்சம் வேறு, எதிர்ப்பு வேறு

இங்கே பலரும் குழம்பும் ஒரு செய்தியைத் தெளிவாக்க விரும்புகிறோம். இறைச்சியில் தங்கும் மருந்து எச்சம் ஒன்று. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா மற்றொன்று. உணவுப் பாதுகாப்பு விதிகள் எச்சத்துக்கு உச்ச வரம்பு வகுத்துள்ளன. கோழியை விற்பதற்குச் சில நாள் முன்பு மருந்தை நிறுத்திவிட்டால், எச்சம் அந்த வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் அக்கோழியின் குடலில் பெருகிய பாக்டீரியா அங்கேயே இருக்கும். ஆகவே, எச்சச் சோதனையில் தேறிய கோழி எதிர்ப்பு பாக்டீரியா இல்லாத கோழியாகிவிடாது. 'ஆன்டிபயாட்டிக் எச்சம் அற்றது' என்னும் பெட்டி வாசகத்துக்கு, 'ஆன்டிபயாட்டிக் இன்றி வளர்க்கப்பட்டது' என்று பொருளில்லை.

எங்களிடம் வரும் அன்பர்கள் அடிக்கடி கேட்பது வேறொன்று: "பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே?" அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. கறிக்கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடையை எட்டுவதற்குக் காரணம், பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் சத்துமிக்க தீவனமும் ஆகும். இல்லாத ஊசிக்கு அஞ்சி, இருக்கும் சிக்கலைக் கேளாமல் விட்டுவிடுகிறோம். நாட்டுக்கோழி என்ற பெயரும் தானாகவே பாதுகாப்பு ஆகாது. கொட்டகையில் அடைத்து மருந்து கலந்த நீர் கொடுத்தால் நாட்டுக்கோழிக்கும் நிலை அதுவே.

பண்ணையாளரைக் குற்றம் சொல்லலாமா?

கூடாது என்பதே எங்கள் கருத்து. ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்திடமிருந்து வருகின்றன. கொட்டகையும் உழைப்பும் மட்டுமே அவருடையவை. அதற்குக் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி பெறுகிறார். பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும் நிலையில் அவர் பெரும்பாலும் இல்லை. ஒரு தொகுதிக் கோழிகள் நோயில் மடிந்தால் அவருடைய இரண்டு மாத உழைப்பு போய்விடும். அந்த அச்சத்தில் முன்கூட்டியே மருந்து கலப்பதை எங்களால் புரிந்துகொள்ள முடிகிறது.

மேலும், பண்ணையாளரை நோக்கி விரல் நீட்டும் தகுதி எங்களுக்கு முழுமையாக இல்லை. வைரஸால் வரும் சளிக்கும் இருமலுக்கும் ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்த மருத்துவர்கள் நாங்கள். சீட்டின்றி மருந்துக்கடையில் வாங்கியவர்களும், காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை அடுத்த முறைக்கென்று எடுத்துவைத்தவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இக்கேட்டைத் தடுக்க நாட்டின் மருத்துவச் சங்கங்கள் 2012ஆம் ஆண்டு சென்னையில் கூடித் திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அறியப்படும் அதன் வேண்டுகோள் முதலில் எங்களை நோக்கியதே.

மருந்தின்றிக் கோழி வளர்க்க இயலுமா என்று கேட்டால், அனுபவம் இயலும் என்கிறது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் தருவதைச் சுவீடன் 1986இலேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல் நிறுத்தியது. நெதர்லாந்து 2009க்குப் பின் சில ஆண்டுகளிலேயே கால்நடைகளுக்கான ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைப் பாதியாகக் குறைத்தது. அந்நாடுகளில் கோழி வளர்ப்பு நின்றுவிடவில்லை. இடநெருக்கடியைக் குறைத்தல், கொட்டகைத் தூய்மை, நல்ல நீர், தடுப்பூசி ஆகியவையே மருந்தின் இடத்தை நிரப்பின. தடுப்பூசியின் அருமையை நம் ஊரார் அறியாதவர்கள் அல்லர். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தீர்க்காது. அதைத் தடுக்கும் ஊசியைப் புறக்கடைக் கோழிகளுக்குக் கால்நடை பராமரிப்புத் துறை முகாம் நடத்திப் போடுகிறது. நம் மாவட்டத்தின் காட்டுப்பாக்கத்திலேயே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வழிகாட்டுவோர் தொலைவில் இல்லை.

எங்கள் கருத்து

மனிதருக்கு வகுத்த விதியே கோழிக்கும் வேண்டும். நோய் கண்டபின், கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டின்படி, குறித்த நாள்களுக்கு மட்டுமே மருந்து தரப்பட வேண்டும். நோயில்லாத கோழிக்குத் தீவனத்திலோ நீரிலோ ஆன்டிபயாட்டிக் கலக்கும் வழக்கம் முற்றிலும் நிற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட பரிந்துரையும் இதுவே. ஒவ்வொரு தொகுதிக் கோழியோடும் எந்த மருந்து, எதற்காக, எத்தனை நாள் தரப்பட்டது என்னும் பதிவேடு வர வேண்டும். விற்கும் நாளில் எச்சத்தை மட்டும் அளந்து மனநிறைவு கொள்வது போதாது.

இதைக் கேட்கும் வலிமை தனி வீட்டுக்குக் குறைவு. மொத்தமாக வாங்குவோருக்கு மிகுதி. விடுதிகள், உணவகங்கள், சத்துணவு முட்டை வாங்குவோர் ஆகியோருடன் மருத்துவமனைகளும் அவ்வரிசையில் உள்ளன. இங்கே எங்கள் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இக்கட்டுரைக்காக எங்கள் சமையற்கூடப் பொறுப்பாளரிடம், நோயாளருக்குத் தரும் முட்டையும் கோழியும் எந்தப் பண்ணையிலிருந்து வருகின்றன, என்ன மருந்து தரப்பட்டவை என்று கேட்டோம். அவரிடம் விடை இல்லை. விலையும் எடையும் தவிர வேறெதையும் கொடுப்பவரிடம் கேட்கும்படி நாங்கள் அவரிடம் சொன்னதே இல்லை. மேல்மாடியில் கொலிஸ்டின் ஏற்றிக்கொண்டே கீழ்த்தளத்தில் கேள்வி கேட்காமல் கோழி வாங்கி வந்திருக்கிறோம். இனி வாங்கும்போது மருந்துப் பதிவேடு கேட்க வேண்டும் என்று நிருவாகத்துக்கு எழுத்து மூலம் வேண்டியிருக்கிறோம். விலை சற்றுக் கூடலாம். முன்னே சொன்ன பெரியவரின் மூன்று வாரச் செலவோடு ஒப்பிட்டால் அக்கூடுதல் பொருட்டாகாது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

கோழியும் முட்டையும் உண்பதை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் காசநோயிலிருந்து மீள்பவருக்கும் புரதம் இன்றியமையாதது. நம் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் அதைத் தருவது முட்டையே. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவும் நெருப்பை எதிர்க்காது. நன்றாகக் கொதித்து வெந்த குழம்பில் அது உயிரோடிருக்காது. இடர் இருப்பது பச்சை இறைச்சியைக் கையாளும் அந்த அரைமணி நேரத்தில்தான்.

1. இறைச்சியைக் குழாயின் வேகமான நீரில் அலசாதீர்கள். தெறிக்கும் துளிகள் அருகிலுள்ள பாத்திரங்களில் படியும். கழுவியே ஆக வேண்டுமெனில், ஒரு பாத்திரத்தில் நீர் விட்டு மெதுவாகக் கழுவி, அந்நீரை உடனே கொட்டித் தொட்டியைச் சோப்பிட்டுத் தேயுங்கள். மஞ்சள்தூள் பாக்டீரியாவை அழித்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

2. இறைச்சிக்கு ஒரு கத்தியும் பலகையும், காய்க்கு வேறு கத்தியும் பலகையும் வையுங்கள். வெங்காயமும் கொத்தமல்லியும் இறைச்சி வெட்டிய பலகைக்கு வரக்கூடாது.

3. துண்டின் நடுவில் இளஞ்சிவப்பு மறைந்து, சாறு தெளியும் வரை வேகவையுங்கள். எலும்பை ஒட்டிய பகுதியைப் பிரித்துப் பாருங்கள்.

4. உடல் தேறும் என்று பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நோயாளருக்கு ஆஃப்பாயிலும் வேண்டாம். முழுதாக வெந்த முட்டையில் சத்து குறைந்துவிடாது.

5. பச்சை இறைச்சியைத் தொட்ட கையோடு நோயாளரின் அருகே செல்லாதீர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுபவர், சிறுநீர்ப் பையை மாற்றுபவர், மூக்குக் குழாய் வழியே உணவூட்டுபவர், கைக்குழந்தைக்குப் பால் கலப்பவர் ஆகியோர் சோப்பிட்டு நன்றாகக் கைகழுவிய பின்னரே அப்பணியைத் தொட வேண்டும். இயன்றால் இவ்விரு வேலைகளையும் இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், நீரிழிவு உள்ளவர் இருக்கும் வீடுகளில் இது மிகவும் முக்கியம்.

6. கீரையையும் பச்சையாக உண்ணும் காய்களையும் ஓடும் நல்ல நீரில் பலமுறை கழுவுங்கள்.

7. கோழிப்பண்ணையில் வேலை செய்பவர் வீட்டில் இருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அச்செய்தி எங்களுக்கு உதவும். பண்ணைச் செருப்பும் உடையும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

8. ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தால், "இது எதற்கு, எத்தனை நாள்?" என்று எங்களையே கேளுங்கள். கேட்பதை நாங்கள் தவறாக எண்ணமாட்டோம்.

அதே கேள்வியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையிலும் கேளுங்கள்: "இந்தக் கோழிக்கு என்ன மருந்து கொடுத்தாங்க?" கடைக்காரருக்கு விடை தெரியாது, முதல் முறை கேட்கும்போது சிரிக்கவும் கூடும். பத்துப் பேர் கேட்டால் அவர் தம் மொத்த வியாபாரியைக் கேட்பார்; வியாபாரி நிறுவனத்தைக் கேட்பார். அந்த மகன் எங்களிடம் கேட்ட கேள்வி பாக்கெட்டை அனுப்பியவரிடம் சென்று சேர வேறு குறுக்குவழி இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.